மாமா ஆலை முந்திரியை ஜெர்மனிக்கு இறக்கலாமா?

கேள்வி: வணக்கம். பண்ருட்டிப் பக்கம் பிறந்தவள் நான், பல வருடமாக ஜெர்மனியில் டார்ட்மண்டில் இருக்கிறேன். என் தாய்மாமா ஊரில் சின்னதாக முந்திரி ஆலை நடத்துகிறார். திண்டிவனம் பக்கம் அவருக்குப் பழக்கமானவர்களிடம் நல்ல மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், கிடைக்கும். ஒரு கண்டெய்னரில் பாதி முந்திரி, பாதி மல்லாட்டை போட்டு இங்கே இறக்கி விற்கலாம் என்று யோசிக்கிறோம். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கால் கிலோ முந்திரி விற்கும் விலையைப் பார்த்தால் லாபம் நன்றாகவே நிற்கும் போலிருக்கிறது. "சரக்குக்கு நான் பொறுப்பு, நீ கவலைப்படாதே" என்கிறார் மாமா. சேமிப்போடு கொஞ்சம் கடனும் வாங்க வேண்டியிருக்கும். என்ன லைசென்ஸ் வேண்டும், வரி எவ்வளவு வரும்?

பதில்: வணக்கம். வரியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் நல்ல செய்தி அங்கேதான் இருக்கிறது. ஓடு நீக்கிய முந்திரிப் பருப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கவரி கிடையாது. பச்சை நிலக்கடலைக்கும் கிடையாது. அதையே ஊரில் வறுத்து உப்புப் போட்டு அனுப்பினால் சுங்கப் பட்டியலில் வேறு தலைப்புக்குப் போய்விடும், அங்கே வரி உண்டு, அதனால் முதலில் வறுக்காத பருப்போடு நில்லுங்கள். ஜெர்மனியில் உணவுப் பொருளுக்கு இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 7 சதவீதம். இதை உங்கள் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கண்டெய்னர் இறங்கும்போது கையில் இருக்க வேண்டும். 1,00,000 யூரோ சரக்கென்றால் 7,000 யூரோ சில வாரங்களுக்கு முடங்கும். லைசென்ஸ் என்று பார்த்தால், கடையைப் பதிவு செய்வது போல ஒரு தொழில் பதிவு, சுங்கத்துறையிடம் ஈஓஆர்ஐ என்ற இறக்குமதியாளர் எண், உள்ளூர் உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பெயர் கொடுப்பது, அவ்வளவுதான். சில்லறைப் பாக்கெட்டாக உங்கள் பெயரில் விற்றால் லூசிட் என்ற பேக்கேஜிங் பதிவேட்டிலும் சேர வேண்டும்.

காகிதம் இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். லைசென்ஸ் வாங்கக் கஷ்டப்பட்டிருந்தால் பாதிப் பேர் வாசலிலேயே யோசித்திருப்பார்கள்.

அடுத்து மல்லாட்டை. வேண்டாம். குறைந்தபட்சம் முதல் கண்டெய்னரில் வேண்டாம். இந்திய நிலக்கடலை ஐரோப்பாவுக்குள் வருவதற்குத் தனி விதியே இருக்கிறது, 2019/1793 என்ற ஒழுங்குமுறை. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு திரும்பத் திரும்பப் பிடிபட்டதால் இந்தியக் கடலையை அதில் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஏற்றுவதற்கு முன்பே ஆய்வக முடிவு வேண்டும், இந்திய அரசு அதிகாரியின் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு மூட்டையிலும் அந்தச் சரக்கின் அடையாள எண் இருக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 4 மாதம்தான் செல்லும், ஆய்வக முடிவு வந்து 6 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. கப்பல் வருவதற்கு ஒரு வேலை நாள் முன்பாவது ட்ரேசஸ் என்ற கணினி அமைப்பில் அறிவிக்க வேண்டும், இதற்கென்று அனுமதிக்கப்பட்ட எல்லைச் சோதனை நிலையம் வழியாகத்தான் உள்ளே வர முடியும். இத்தனையும் சரியாக இருந்தாலும் குறிப்பிட்ட விகிதத்தில் சரக்கை நிறுத்தி மறுபடி மாதிரி எடுப்பார்கள்.

அந்த மாதிரி எடுக்கும் விதம் தெரிந்தால்தான் ஆபத்து புரியும். பூஞ்சை எல்லாக் கடலையிலும் சமமாகப் பரவி இருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டுதான் கெட்டிருக்கும், ஆனால் அந்த ஒன்றில் நச்சு ஏகத்துக்கு ஏறியிருக்கும். அதனால் பெரிய சரக்கில் நூறு இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துப் பார்க்கிறார்கள். அப்படியே சாப்பிடும் கடலைக்கு வரம்பு, கிலோவுக்கு அஃப்ளாடாக்சினில் பி1 என்ற வகை 2 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 4. மறுபடி தரம்பிரித்துப் பொறுக்கப் போகும் சரக்கென்றால் 8, 15 என்று கொஞ்சம் தளர்வு உண்டு. இந்தியாவில் உள்ள வரம்பு இதைவிடத் தாராளம், ஊரில் எண்ணெய்க்கும் மிட்டாய்க்கும் தாராளமாகப் போகிற கடலை இங்கே ஹாம்பர்க் துறைமுகத்தில் சோதனையில் தோற்றுப்போகும். அறுவடைக்கு முந்தின கடைசி மாதம் மழை பொய்த்து நிலம் காய்ந்தால் செடியில் இருக்கும்போதே பூஞ்சை ஏறிவிடும், பிடுங்கிய பிறகு மழையில் நனைந்தால் களத்திலும் ஏறும். உங்கள் மாமாவுக்குப் பழக்கமானவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இதில் அவர்கள் கையில் பாதிதான் இருக்கிறது.

தவிர, ஐரோப்பாவுக்கு நிலக்கடலை கொடுப்பதில் அர்ஜென்டினா முன்னால் நிற்கிறது. அங்கே ஒரே பகுதியில் பெரிய பெரிய ஆலைகள், லேசர் பொறுக்கி, கப்பல் கப்பலாக ஒரே தரம். நெதர்லாந்தின் கடலை வெண்ணெய் ஆலைக்காரர் திண்டிவனத்துக் கடலையை எதற்காக வாங்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, உங்களிடமும் இருக்காது.

சரி, முந்திரிக்கு வருவோம். இதை எழுதும்போது இந்திய முந்திரிப் பருப்புக்கு மேலே சொன்ன முன்சான்றிதழ்க் கட்டாயம் இல்லை. அந்தப் பட்டியலை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், ஆர்டர் போடும்போது ஒருமுறையும் ஏற்றுமதிக்கு முந்தின வாரம் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் வேண்டாம் என்பதால் வரம்பும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2, அதே 4 தான். பூச்சிமருந்து எச்சம் தனி. குளோர்பைரிஃபாஸை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. ஐரோப்பா 2020இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது, இப்போது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது இல்லவே இல்லை என்று சொல்வதற்குப் பக்கத்தில். அதே வருடம் செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்கி வாயுவின் எச்சத்தைக் கண்டுபிடித்து, பிரெட், பிஸ்கட் என்று எள் தூவிய எல்லாவற்றையும் ஐரோப்பா முழுக்கக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு இந்தியச் சரக்கென்றாலே வாங்குபவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார்.

இங்கேதான் மாமாவின் "நான் பொறுப்பு" வருகிறது. அவர் மனசாரத்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் ஐரோப்பியச் சட்டத்துக்கு அவரைத் தெரியாது. 2002ஆம் ஆண்டின் 178ஆம் எண் உணவுச் சட்டப்படி, சரக்கு யார் பெயரில் உள்ளே வருகிறதோ அவர்தான் உணவுத் தொழில் நடத்துபவர். யாரிடம் வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்று லாட் எண்ணோடு, அதாவது சரக்குத் தொகுதியின் எண்ணோடு, காட்ட வேண்டியவர் நீங்கள். பிரச்சினை என்றால் கடையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியவரும் நீங்கள். அந்தச் செலவுக்கு ரசீது உங்கள் வீட்டுக்கு வரும், பண்ருட்டிக்குப் போகாது. சோதனையில் சரக்கு தேறாவிட்டால் திருப்பி அனுப்பவோ, பொறுக்கிச் சரிசெய்யவோ, அழிக்கவோ 60 நாள் கொடுப்பார்கள். அந்த நாள் முழுக்கத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். இருபதடிக் கண்டெய்னரில் 50 பவுண்டு, அதாவது 22.68 கிலோ பெட்டி 700 ஏறும். மொத்தம் 15,876 கிலோ. மொத்த வியாபாரத்தில் கிலோவுக்கு 30 சென்ட் உங்களுக்கு நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருவது 4,763 யூரோ. சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் பார்த்த விலை கடைக்காரர், பாக்கெட் போடுபவர், வறுப்பவர், கிடங்கு, வட்டி எல்லாருக்கும் பங்கு பிரிந்த பிறகு உள்ள விலை. ஒரு கண்டெய்னர் திரும்பிப் போனால் எத்தனை கண்டெய்னர் லாபம் கரையும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், அதுவும் கடன் வாங்கிய பணத்தில்.

விலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, ஊரில் இருப்பவர்களுக்கு இது வருத்தமாகக்கூட இருக்கும். ஐரோப்பாவுக்கு முந்திரி கொடுக்கும் பெரிய கை வியட்நாம். இயந்திரத்தில் உடைக்கிறார்கள், கப்பல் கணக்கில் அனுப்புகிறார்கள். இந்தியாவிலோ தீபாவளி, கல்யாணம், ஸ்வீட் கடை, பிரியாணி என்று உள்ளூரிலேயே நல்ல விலைக்குப் போய்விடுகிறது. சாதாரண டபிள்யூ 320 தரத்தை, அதாவது ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்குள் நிற்கும் முழுப் பருப்பை, ஹாம்பர்க் புரோக்கரிடம் கொண்டுபோய் விலை கேட்டால் வியட்நாம் விலையைத்தான் சொல்வார். அதற்கு மாமாவால் கொடுக்கவே முடியாமல் இருக்கலாம். முதலில் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை என்ன, இந்த வாரத்துக்கு? அதோடு சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து இங்குள்ள புரோக்கர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

எனக்குப் பட்டது, உங்களுக்கு வழி வேறு பக்கம் இருக்கிறது. ஐரோப்பியர் வெள்ளையாக, முழுசாக, ஒரே அளவில் உள்ள பருப்பைக் கொறிக்க வாங்குகிறார். நம் ஆட்கள் குருமாவுக்கும் பாயசத்துக்கும் கேசரிக்கும் வாங்குகிறார்கள், இரண்டாகப் பிளந்ததும் துண்டும் போதும், விலையும் குறைவு. டார்ட்மண்டைச் சுற்றி ரூர் பகுதி முழுக்க ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன, பாரிஸில் லா ஷப்பேல் தெருவே இருக்கிறது, சைவ உணவகங்களும் ஸ்வீட் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாரிடம் வாங்குகிறார்கள், மாதம் எத்தனை பெட்டி, எந்தத் தரம் என்று இரண்டு சனிக்கிழமை சுற்றினாலே தெரிந்துவிடும். அங்கே பண்ருட்டி என்ற பெயருக்கு மதிப்பு உண்டு, ஹாம்பர்க்கில் அது யாருக்கும் தெரியாது.

பெயர் என்று சொன்னதும் ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மாமாவின் ஆலையில் உடைப்பது எல்லாம் நம் மண்ணில் விளைந்த கொட்டைதானா? கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளை எப்படிச் சாய்த்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயலுக்கு முன்பும் சரி பின்பும் சரி, வருடம் முழுக்க ஆலை ஓட வேண்டுமென்றால் ஐவரி கோஸ்ட், பெனின், கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்கக் கொட்டை இல்லாமல் இந்தியாவில் பலரால் ஓட்ட முடியாது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாக்கெட்டில் செம்மண் தோப்புப் படமும் "பண்ருட்டியில் விளைந்தது" என்ற எழுத்தும் போட்டுவிட்டு உள்ளே ஆப்பிரிக்கப் பருப்பு இருந்தால், 1169/2011 என்ற லேபிள் சட்டப்படி நுகர்வோரை ஏமாற்றியதாக ஆகும், சட்டத்துக்கு முன்னால் நிற்பது நீங்கள். ஆகவே உள்ளூர்க் கொட்டையைத் தனியாக வாங்கி, தனியாக உடைத்து, தனி லாட் எண் போட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் உங்களிடம் விற்பதற்கு ஒரு சரக்கு இருக்கிறது. முடியாது என்றால் "இந்தியாவில் பதப்படுத்தியது" என்ற அளவில் நேர்மையாகப் போங்கள், தோப்புப் படம் வேண்டாம். லேபிள் ஜெர்மனில் இருக்க வேண்டும், முந்திரி ஒவ்வாமைப் பொருள் என்பதால் அது பொருளின் பெயரிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும், உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

ஆலையைப் பற்றியும் கேட்க வேண்டியது இருக்கிறது. மாமாவிடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் இருக்கிறதா, எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா? இல்லாமல் வேறொரு ஏற்றுமதியாளர் பெயரில் அனுப்புவதாக இருந்தால் ஒப்பந்தம் அவரோடுதான், மாமாவோடு இல்லை. அவர் வழியில் வேறு ஆலைச் சரக்கைக் கலந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பருப்பின் ஈரம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உயிருள்ள பூச்சி ஒன்று தெரிந்தாலும் வாங்குபவர் தள்ளிவிடுவார். அதற்குப் பயந்து மாத்திரை வைத்துப் புகை போட்டால் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயுவின் எச்சத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, எந்தத் தேதியில் எவ்வளவு போட்டார்கள் என்ற சீட்டு வேண்டும். மெட்டல் டிடெக்டர் இல்லாத ஆலைச் சரக்கைப் பெரிய கடைகள் தொடாது. பிஆர்சி, ஐஎஃப்எஸ் போன்ற தரச் சான்றையும் கேட்பார்கள், சின்ன ஆலைக்கு அதன் செலவு கட்டுப்படியாகாது, அதனாலும் சூப்பர் மார்க்கெட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கொட்டை உடைக்கும் பெண்களுக்குக் கையுறை கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். ஓட்டு எண்ணெய் பட்டு விரல் வெந்து கருத்துப்போவதை நீங்கள் சின்ன வயதிலேயே பார்த்திருப்பீர்கள். இங்கே வாங்குபவர்கள் இதைக் கேட்க ஆரம்பித்து நாளாகிவிட்டது, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டும்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் சொந்தம் என்பதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். முழுப் பணமும் முன்பணமாக அனுப்பாதீர்கள். கொஞ்சம் முன்பணம், மீதி கப்பல் ஆவணங்கள் வங்கிக்கு வந்ததும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் தரம், உடைசல் எவ்வளவு வரை, வழக்கமாக 5 சதவீதம், ஈரம், நச்சு வரம்பு, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். அதோடு ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ஏற்றுவதற்கு முன் சுதந்திரமான ஆய்வாளர் ஒருவர் மாதிரி எடுத்து, ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் தேறினால்தான் சரக்கு ஏறும். மாதிரியை மாமாவே எடுத்து அனுப்பக் கூடாது. அவர் நல்ல மூட்டையிலிருந்துதான் எடுப்பார், எந்த மாமாவாக இருந்தாலும். தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்பதற்கு ஹாம்பர்க் பருப்பு வியாபாரிகள் பயன்படுத்தும் வாரன்ஃபெரைன் விதிகளை எழுதுவது வழக்கம். குடும்பத்துக்குள் அது கொஞ்சம் கடுமையாகத் தெரியும். "பேங்க் கேட்கிறது மாமா" என்று சொல்லிவிடுங்கள், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. கடன் கொடுப்பவர்களும் காப்பீட்டுக்காரர்களும் உண்மையிலேயே கேட்பார்கள். தொழிலை உங்கள் சொந்தப் பெயரில் நடத்தாமல் ஜிஎம்பிஹெச் மாதிரி, உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்புள்ள கம்பெனியாக வைத்து, பொருள் பொறுப்புக் காப்பீடும் எடுத்தால், மோசமான நாளிலும் வீடு தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

முழுக் கண்டெய்னர் வேண்டாம் என்றால் பலர் சரக்கு சேர்ந்து வரும் பங்குக் கண்டெய்னரில் ஒன்றிரண்டு பாலெட், அதாவது பெட்டிகளை அடுக்கும் தட்டு, போடலாம் என்று யாராவது சொல்வார்கள். போடலாம், நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் பக்கத்தில் என்ன ஏறுகிறது என்று கேளுங்கள். முந்திரி வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். மசாலாவோ ரப்பரோ பக்கத்தில் வந்தால் பாயசத்தில் தெரியும். காற்று நீக்கிக் கார்பன் டை ஆக்சைடோ நைட்ரஜனோ நிரப்பிய பையாக இருந்தால் பரவாயில்லை. பாலெட் மரமாக இருந்தால் சூடேற்றியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும், இல்லையென்றால் பருப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கட்டைக்காக நிறுத்துவார்கள். தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் கொழும்பு போய்ப் பெரிய கப்பல் மாறும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்ததில் பயணம் ஒன்றிரண்டு வாரம் கூடியது. எந்த வழியில் வருகிறது என்பதைப் புக்கிங் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கண்டெய்னர் உள்ளே வியர்த்துச் சொட்டும், ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிடச் சொல்லுங்கள்.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் கடன் வாங்க மாட்டேன். கடைகளைச் சுற்றி, குறைந்தது சிலரிடமாவது எழுத்தில் ஆர்டர் வாங்கிய பிறகு, இரண்டு பாலெட் பிளந்த பருப்பும் துண்டும், முடிந்தால் உள்ளூர்க் கொட்டையிலிருந்து தனி லாட்டாக வாங்குவேன். சேமிப்பில் ஒரு பகுதி போதும். போனாலும் தாங்கலாம். ஊரில் அறுவடை மார்ச்சிலிருந்து மே வரை, அதற்குப் பிறகு காய்ந்து, உடைந்து, தரம்பிரிந்து வரக் கொஞ்சம் நாளாகும். தீபாவளிக்கு இங்கே கடைகளில் இருக்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் ஆய்வக முடிவு கையில் வந்து, ஆகஸ்டில் கப்பல் ஏற வேண்டும். ஈஓஆர்ஐ எண்ணுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், பணம் எதுவும் கேட்க மாட்டார்கள். மாமாவிடம் விலையும் கொட்டை எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள், இங்குள்ள புரோக்கர் விலையோடு வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.